ஈரம் காய்ந்த முதுகு: பணி ஓய்வு பெறும் தாதி ஸித்தி லைலா அவர்களுக்கு

கட்டுக் கட்டும் கையில் கருணையையும் கண்டிப்பையும் கலந்து வைத்தவரே! காலடி ஓசையிலேயே கட்டிலில் கிடப்பவரின் கலக்கம் கலைத்தவரே! வலியோடு வந்தவரை வாசலிலேயே வரவேற்று வார்த்தையால் வருடியவரே! எங்கள் சத்திரசிகிச்சை விடுதியின் பொறுப்புத் தாதியே, எங்கள் லைலா மிஸ் அவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்!

நிந்தவூரில் பிறந்து, மட்டக்களப்பில் தாதியம் பயின்று, மலையகத்தின் குளிருக்கும் தனிமைக்கும் பழகி, கல்முனைக்கு வந்து, முப்பதாண்டுக்கு மேலான பணியை இன்று நிறைவுசெய்கிறீர்கள். உங்கள் பொறுமையைப் புகழலாம். எங்கள் பிழைகளை நோயாளியின் முன்னால் சொல்லாமல் தேநீர் அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லும் பெருந்தன்மையையும் புகழலாம். ஆனால் அங்கே நாங்கள் வாங்கிய ஏச்சையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். ஆகவே ஒரேயொரு நோயாளியின் கதையை இங்கே வாசிக்கிறோம். அவருடைய மனைவி றுஸ்தா எங்களுக்குச் சொன்னபடி, அவளுடைய சம்மதத்தோடு எழுதியது இது. தன்னை ‘அவள்’ என்றே எழுதச் சொன்னாள். ‘அவர்’ என்றால் வேறு யாரையோ சொல்வது போல இருக்கிறதாம்.

றுஸ்தாவின் கணவர் ஜவாத் நெல் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். வயல் வரம்புகளில் குலுங்கிக் குலுங்கி முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகிப்போனது. வெளியூர்ப் பெரிய வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை நடந்தது. காலில் இழுத்த வலி போயிற்று. ஆனால் வீடு திரும்பியபின் தலையிடி தொடங்கியது. எழும்பி உட்கார்ந்தால் பிடரியிலிருந்து கிளம்பி நெற்றியை நெரிக்கும், குமட்டும். படுத்தால் அடங்கிவிடும்.

“இது கண்ணூறு,” என்றார் ஜவாத்தின் தாய் சல்மா உம்மா. “ஆஸ்பத்திரியால வந்த கையோட எழும்பி நடந்தா, ஊர் பாக்காம என்ன செய்யும்?” தண்ணீர் ஓதிக் கொடுத்தார். தலையிடி கேட்கவில்லை. எங்கள் விடுதிக்குக் கொண்டுவந்தார்கள்.

றுஸ்தாவுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. கணவரின் சேட்டு முதுகுப் பக்கம் அடிக்கடி நனைந்திருந்தது. ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் கட்டிலிலேயே கோப்பை வைத்து, முகம் கைகால் கழுவி மாமி அவரை வுழூ செய்ய வைப்பார்; தலையைத் தடவும்போது தண்ணீர் பிடரியால் இறங்குகிறது என்பது மாமியின் விளக்கம். அவளும் ஓம், அப்படித்தான் என்றாள். ஆனால் சேட்டின் கழுத்துப்பட்டி எப்போதும் காய்ந்தே இருந்தது. கழுத்தை நனைக்காமல் தண்ணீர் இடுப்புக்கு எப்படிப் போயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் வேறொரு பதில் வந்துவிடும். சேட்டைக் கழுவிக் காயப்போடுவாள். அது காய்ந்ததும் மனதில் கிடந்த எண்ணமும் காய்ந்தாற்போல ஆறுதலாக இருக்கும். அடுத்த தொழுகைக்குப் பிறகு இன்னொரு சேட்டு.

விடுதியில் காயத்தின் கட்டைப் பிரித்தீர்கள். “இது எதால நனைஞ்ச?”

“வுழூத் தண்ணி மிஸ்,” என்றார் சல்மா உம்மா.

நீங்கள் றுஸ்தாவைப் பார்த்தீர்கள். அவள் கட்டிலின் காலைப் பார்த்தாள்.

புதுக் கட்டுப் போட்டுவிட்டு வைத்தியர் சுஜிந்தனிடம் போனீர்கள். நனைத்தது வுழூத் தண்ணீர்தானா என்று உங்களுக்கு வந்த சந்தேகம் அவருக்கும் வந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்று இருவரும் முடிவு செய்தீர்கள். எங்களில் எவருக்கும் தோன்றாத வழியை நீங்கள் எடுத்தது அப்போதுதான்.

“உம்மா, இனி மகன் தயம்மும் செய்யட்டும். தண்ணி வேணாம்.”

“தண்ணி கைக்கெட்டுற இடத்தில இரிக்கக்குள்ள மண்ணத் தடவிட்டுத் தொழுறதா? என்ன கா கதைக்கிறீங்க!”

“காயத்துக்குத் தண்ணி ஆகாட்டி சலுகை இரிக்கி. என்ட கதைய நம்பாட்டி ஒங்கட மௌலவிக்கு ஒரு கோல் எடுங்க.”

எடுத்தார். கேட்டுவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்தார். “அவரும் ஒங்கட பக்கந்தான்,” என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆனாலும் வீட்டு முற்றத்து மண்ணை அரித்து, ஒரு பால்மாத் தகரப் பேணி நிறையக் கொண்டுவந்தது அவர்தான்.

மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் ஜவாத்தின் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அஸருக்குப் பிறகு அவரைப் பக்கவாட்டில் திருப்பினீர்கள். கட்டு நனைந்திருந்தது. விரிப்பில் நிறமில்லாத, மணமில்லாத ஈரம். சல்மா உம்மா பேணியைப் பார்த்தார், மகனின் முதுகைப் பார்த்தார். முதலில் பேசியது றுஸ்தாதான்.

“மிஸ், ஊட்டயும் இப்பிடித்தான். கொலர் காஞ்சிதான் இரிந்த.”

“சொன்னது நல்லம்,” என்றீர்கள். ஏன் முந்திச் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தன்னைக் கல்லாக்கிக்கொண்டு நின்றதாக றுஸ்தா சொல்கிறாள். அது வராமல் போனபோது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாளாம்.

வைத்தியர் அவளை உட்காரவைத்து விளக்கினார். முள்ளந்தண்டு நரம்புகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. அதற்குள் மூளைவரை தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. எவ்வளவு கவனமான கையிலும் சத்திரசிகிச்சையின்போது அந்த உறை சற்றுக் கிழிபடக்கூடும். நீர் கசிந்தால் எழும்பும்போது தலையிடிக்கும். கசியும் வழியால் கிருமி உள்ளே போனால்தான் பேராபத்து. காயத்தில் மேலதிகத் தையல்கள் போட்டு, சத்திரசிகிச்சை செய்த வைத்தியரோடும் பேசியாயிற்று. இனி ஜவாத் தலை உயர்த்தாமல் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும், குனியக்கூடாது, முக்கக்கூடாது. கசிவு நிற்காவிட்டால் திரும்ப அனுப்பி, முதுகைத் திறந்து, உறையைத் தைக்கவேண்டும்.

திரும்பத் திறப்பது. றுஸ்தாவின் காதில் அது மட்டுமே தங்கியது.

படுத்திருப்பதுதான் மருந்து. நம் ஊரில் அது எவ்வளவு கடினமான மருந்து! பார்வை நேரத்தில் பாதி ஊர் வந்தது. மூத்தவர்கள் வந்து நிற்க, கிடந்த கிடையில் கிடப்பது ஜவாத்துக்கு மானப் பிரச்சினை. பள்ளிவாசல் தலைவர் ஸலாஹுதீன் ஹாஜியார் உள்ளே வந்ததும் ஜவாத் எழும்ப முழங்கையை ஊன்றினார். ‘எழும்பாதீங்க’ என்று றுஸ்தாவின் நெஞ்சு கத்தியது. மாமி முன்னால், ஹாஜியார் முன்னால், அவள் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தாள். மருந்து வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு நீங்கள் வந்தீர்கள்.

“ஹாஜியார், இவர எழுப்பினா மறுகா அம்புலன்ஸில நீங்கதான் கூடப் போகணும்.”

“யா அல்லாஹ், எனக்கு அதுக்குள்ள ஏறினாலே வயித்தப் பிரட்டிச் சத்தி வரும். நான் எழுப்பல்ல மிஸ்!”

“அப்ப நீங்க குனிஞ்சி ஸலாம் குடுங்க.”

குனிந்தார். தொப்பி விழாமல் ஒரு கையால் பிடித்தபடி, படுத்திருந்தவரின் முகத்துக்கு நேரே குனிந்து ஸலாம் சொன்னார். அதன்பின் வந்தவர்கள் அத்தனை பேரும் குனிந்தார்கள். ஹாஜியாரே குனிந்த கட்டிலருகே விறைத்து நிற்க யாருக்குத் துணிவு வரும்? சல்மா உம்மா அந்தக் கட்டிலுக்குக் காவலாளியாகவே ஆகிவிட்டார். “என்ட மகன் படுத்துத்தான் கதைப்பான். இஷ்டமில்லாட்டி வெளிய இருங்க,” என்று சொந்தத் தம்பியையே அதட்டினார். ஜவாத் கண்ணசைவால் தொழுதார், பப்பாசிப்பழம் தின்றார், கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் றுஸ்தா முதுகைப் பார்க்கமாட்டாள்; உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அதில் எதையும் படிக்க முடியவில்லை என்கிறாள். எங்களாலும் முடிந்ததில்லை. பிறகு ஒரு காலையில் அவளை அருகே அழைத்தீர்கள்.

“விரிப்பத் தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். காய்ந்திருந்தது. சற்றுத் தள்ளித் தொட்டாள். ஜவாத்தின் விலாவுக்கு அடியில் விரல்களை விட்டுத் துழாவினாள்.

“என்ன கா தேடுறீங்க? ஈரம் இல்லாட்டி இல்லதான்!” என்றீர்கள்.

அடுத்து வந்த நாட்களிலும் கட்டு நனையவில்லை, காய்ச்சலும் வரவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்தினீர்கள். கடைசியில் ஜவாத் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். சல்மா உம்மாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. விடுதியே ஜவாத்தின் முகத்தைப் பார்த்தது.

“தல எப்பிடி இரிக்கி?” என்றீர்கள்.

“தல இரிக்கிற இடத்தில இரிக்கி மிஸ். இடுப்புத்தான் கட்டிலோட ஒட்டிப் போச்சி.”

எல்லாரும் சிரித்தோம். றுஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. இந்த நேரம் வந்தால் அழுவேன் என்று நினைத்திருந்தாள், அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது. என்னவென்று புரியச் சற்று நேரம் எடுத்தது. பசி. வெட்கமில்லாத, பிள்ளைத்தனமான பசி. இத்தனை நாளும் உண்டது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

“மிஸ், எனக்குப் பசிக்கிது,” என்றாள்.

தேநீர் அறைக்குக் கூட்டிப்போய் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தீர்கள். சோறு, கீரிமீன் ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல். ஒரு பருக்கை மிச்சமில்லை. அன்று பகல் நீங்கள் இரண்டு பிஸ்கட்டோடு நின்றுகொண்டே தேநீர் குடித்ததை நாங்கள் கண்டோம்.

தன்னலம் தவிர்த்த தகைமையாளரே! இந்த மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் ஜவாத் இருக்கிறார், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அருகில் றுஸ்தா. உங்கள் கை பட்டு எழும்பிப் போனவர்களை எண்ண எங்களால் ஆகாது. அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் யாரோ ஒருவர் அன்று வயிறாரச் சாப்பிட்டிருப்பார் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் அன்புக்குரியவரே, இனி உங்கள் சோற்றை நீங்களே உண்ணுங்கள். ஆறவிடாமல், அவசரமில்லாமல், உட்கார்ந்து உண்ணுங்கள்! நோய் அண்டாத உடலும், நீண்ட ஆயுளும், நிறைந்த நெஞ்சும் தந்து இறைவன் உங்களைக் காப்பானாக!

என்றும் உங்கள் அன்பில்,
சத்திரசிகிச்சை விடுதியின் வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்கள்,
கல்முனை.