ஓட்டுக்கு முன்னே வெட்டிய பேர்

மாலையின் கனத்தையும் என் பேச்சின் கனத்தையும் ஒருங்கே தாங்கப்போகும் அவைத்தலைவர் ஐயா வேதாசலம் அவர்களே! பள்ளிச் செயலாளர் தனசிங் சார் அவர்களே! சேலையூரிலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! இன்றைக்கு நீதிபதிகளாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! தாம்பரம் பாத்திரக்கடைச் சின்னப்பனின் பணிவான வணக்கம்.

கூடையில் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாக விற்றவன் நான். எனக்கு இலக்கியம் தெரியாது, ஈயம் தெரியும். என்னைப் பரிசு தர அழைத்திருக்கிறீர்கள்.

எதற்குப் பரிசு? சிறந்த சிறுவர் நூல் எதுவென்று சிறுவர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லும் புதுமைக்கு! போட்டியில் ஆறு புத்தகம். நான்கையாவது படித்தவருக்கே ஓட்டு. நூலகர் ஹில்டா டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் கேள்வி கேட்டுத்தான் சீட்டுக் கொடுத்தார். நம் தேர்தலில் இப்படி விதி உண்டா? படித்துப் போட்டோமா? பார்த்துப் போட்டோமா? சிரிக்காதீர்கள் அம்மா, நானும் அந்தக் கூட்டந்தான்.

ஓட்டு, வெள்ளிக்கிழமை. திங்களன்றே தனசிங் சார் கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, பரிசுக் குடத்துல பேர் வெட்டணும்."

"யார் பேரு சார்?"

"நம்ம தலைவர் வேதாசலம் ஐயா பேருதான். அவர் எழுதுன 'நன்னடத்தை நாற்பத்தெட்டு'க்குத்தான் பரிசு."

"ஓட்டு வெள்ளிக்கிழமைதானே?"

"அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டிண்ணே. நீங்க வெட்டுங்க."

வெட்டினேன். தாலி கட்டுமுன்னே மாப்பிள்ளை பேர் வெட்டியிருக்கிறேன். ஓட்டு விழுமுன்னே ஜெயித்தவர் பேர் வெட்டியது அன்றுதான்!

வெள்ளிக்கிழமை எண்ணினார்கள். இருநூற்றுப் பதினாலில் தலைவர் நூலுக்கு நாலு. அதில் ஒரு சீட்டில், 'ஏன் பிடித்தது?' என்ற இடத்தில், 'எங்கள் தாத்தா எழுதியதால்' என்றிருந்தது. மின்சார ரயிலேறிக் கடற்கரைக்குப் போகும் எருமையின் கதைக்கு நூற்றைம்பத்தொன்று! அதை எழுதிய சாராள் அம்மா, டெலிபோன் ஆபீசில் வேலை பார்ப்பவர், அதோ மூன்றாம் வரிசையில்.

தலைவரின் பரிசுக் குழு கூடியது. எருமையிடம் என்ன நீதி இருக்கிறது என்று கேட்டது. ஹில்டா டீச்சரிடம், "மேடையில் தலைவர் பேரைப் படியுங்கள், இல்லையென்றால் நூலகச் சாவியை ஒப்படையுங்கள்" என்றது.

டீச்சர் என் கடைக்கு வந்தார். "சார், குடத்துல வெட்டுன பேரை அழிக்க முடியுமா?"

"முடியாதும்மா."

"புள்ளைங்க எழுதுன சீட்டும் அப்படித்தான் சார்" என்றார். போய்விட்டார்.

யாரது, மைக்கை நிறுத்தச் சொல்வது? தம்பி, மைக் செட் என் மச்சானுடையது. நிற்காது!

தலைவர் அவர்களே, வியாபாரி சொல்கிறேன். ஜனம் தொடாத சரக்குக்கு நானே மாலை போட்டால் விற்றுவிடுமா? பிள்ளைகளிடம் ஓட்டுக் கேட்டோமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்? கேட்டபின் மாற்றினால், நாளை பெரியவர்களாகி நிஜ ஓட்டுப் போடப்போகும் இவர்கள் எதைக் கற்றுக்கொண்டு போவார்கள்? எருமை செய்யாத தவறை நாம் செய்யலாமா?

பேர் வெட்டிய குடத்தைத் தலைவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்; தண்ணீர்ப் பஞ்சத்துக்கு உதவும். வெட்டாத புதுக் குடம் இதோ. வெட்டும் மெஷினும் இதோ. பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்ட குழுவுக்கு இரட்டை நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

ஹில்டா டீச்சர், சாவி உங்களிடமே இருக்கட்டும். மேடைக்கு வாங்கம்மா. பேரைப் படிங்க, வெட்டறேன்.