ஆறு மணி விரிப்புகள்: மதாம் தெயோலிந்தா தவாரெஸுக்கு

பிரான்சின் ரூபே நகர மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் வெண்மையைக் காத்தவரே! நோயாளிகளின் முகம் அறியாமலே அவர்கள் உறக்கத்துக்குப் பொறுப்பேற்றவரே! கைகளில் கஞ்சியின் விறைப்பும் நெஞ்சில் கனிவின் குழைவும் கொண்ட எங்கள் மதாம் தெயோலிந்தா தவாரெஸ் அவர்களே, வணக்கம்!

மாலை வகுப்புக் குறிப்பேட்டை நாள் தவறாமல் எழுதுபவன் என்பதால், உங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்கும் இம்மடலை எழுத யோனாஸாகிய என்னை மாலைப் பணித் தோழர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு நான் தகுதியானவன்தானா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேப் வெர்டேயிலிருந்து வந்து இந்நகரில் பாதி வாழ்நாளைக் கழித்தும் ஒருமுறைகூட வாக்களிக்காதவர் நீங்கள். குடியுரிமைக்கு மொழிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காகவே சென்ற அக்டோபரில், பத்தாண்டு வதிவிட அட்டைக்காகப் படிக்க வந்த எங்கள் ஆறு பேருடன் நீங்களும் பிரெஞ்சு வகுப்பில் அமர்ந்தீர்கள்.

எதிர்கால வினையும் நிபந்தனை வினையும் எங்களைப் பாடாய்ப் படுத்திய நாட்கள் அவை. பிரெஞ்சில் "போ" என்னும் வினை எதிர்காலத்தில் தன் உருவத்தையே மறந்துவிடுகிறது. "இரு" என்பதும் அப்படியே. விரிப்பின் இரு முனைகளை ஆளுக்கொன்றாய்ப் பிடித்து எதிரெதிரே நடந்து மடிக்கும்போது, அடிக்கொரு வினைவடிவம் சொல்லவேண்டும் என்று விதித்தவர் நீங்கள். தவறாகச் சொன்னவர் விரிப்பை உதறி முதலிலிருந்து மடிக்கவேண்டும். நான் உதறியவை ஏராளம்.

குடியுரிமை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியை கேட்டார். வாக்களிப்பேன் என்பதை மூன்று முறை திக்கித் தப்பாகவே சொன்னீர்கள். யாருக்கு என்று அவர் அடுத்துக் கேட்டதும், "அத மட்டும் உங்ககிட்ட சொல்லவே மாட்டேன்" என்றீர்கள். பிழையற்ற எதிர்காலம்! வகுப்பே கைதட்டியது; எதற்கென்று உங்களுக்குத்தான் விளங்கவில்லை.

நவம்பரில் புதிய சிகிச்சைப் பிரிவு திறந்தது. விரிப்புகள் பெருகி, மாலை வேலை எட்டு மணிவரை நீண்டது. வகுப்போ செவ்வாயும் வியாழனும் ஆறேகாலுக்கு. கைவிட்டுப் போனது என்றிருந்தோம். இரண்டே நாளில், செவ்வாயும் வியாழனும் நாங்கள் ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று மேற்பார்வையாளர் மிசியே தெலோர்ம் அறிவித்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் மட்டும் முழங்கால் வலி என்று சொல்லி வகுப்புக்கு வருவதை நிறுத்தினீர்கள்.

என் குறிப்பேட்டில் "தெயோலிந்தா வரவில்லை" என்று நாற்பத்தொரு முறை எழுதியிருக்கிறேன். ஒருநாள் அதன் பக்கத்தில் "பரீட்சைக்குப் பயந்துவிட்டார்" என்றும் எழுதினேன். அவ்வரிக்காக இச்சபையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏப்ரலில் ஒரு வகுப்பு மாலை, மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். இருவர் மடிக்கவேண்டிய இரட்டை விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் அழுத்திக்கொண்டு தனியே மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தேன், பிடுங்கிக்கொண்டீர்கள்.

"பரீட்சைய வச்சுக்கிட்டு இங்க என்னடா வேடிக்க? போய் உக்காரு."

மறுநாள் மிசியே தெலோர்மிடம் கேட்டேன். நவம்பரில் அவர் அறைக்கு வந்தீர்களாம். "முடியுமானால்" என்று பணிந்து கேட்கும் நிபந்தனை வினைகளில் ஒரு விண்ணப்பம் தயாரித்து வந்தும் தாளைப் பிரிக்காமலே பேசினீர்களாம்: "செவ்வாயும் வியாழனும் இவங்க ஆறு மணிக்குப் போவாங்க. மிச்சத்த நான் மடிப்பேன். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

ஜூனில் நாங்கள் ஆறு பேரும் தேறினோம். உங்களுக்குச் சான்றிதழ் இல்லை.

ஓய்வுபெறும் அன்னையே! செப்டம்பர் வகுப்புக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிட்டோம். உங்களைக் கேட்காமல் செய்தோம்; நீங்களும் எங்களைக் கேட்கவில்லை. தவறிய நாற்பத்தொரு பாடங்களையும் கோடையிலேயே முடித்துவிட, ஆறு பேரும் முறைவைத்து உங்கள் வீட்டுக்கு வருவோம். முதல் பாடம் நாளை, வருபவன் நான். முழங்கால் வலி என்று சொன்னாலும் கதவைத் தட்டுவேன்.

நோயின்றி, நெடுங்காலம், இந்நகரின் முழு உரிமையோடு வாழ்வீர்கள்!

என்றும் நன்றியுடன்,
சலவைக்கூட மாலைப் பணியாளர்கள் அறுவர்