பொக்சிங் டே சாப்பாடு

கிறிஸ்மஸுக்கு மறுநாளான பொக்சிங் டே காலை, குட்மேய்ஸிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் எனக்கு முன்னால் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் துணி சுற்றிய பெரிய சோற்றுப் பானை.

"மகன் வராட்டி வராமல் இருக்கட்டும். சோறு மண்டபத்துக்குப் போகும்," என்றார் அந்த அம்மா.

"குடும்பமாய்ச் சேர்ந்து சாப்பிடுறதே இந்த ஒருநாள்தான். நீர் அதையும் கெடுக்கிறீர்," என்றார் கணவர்.

"நான் கெடுக்கேல்லை. வீடில்லாத சனத்துக்கு மண்டபத்தில சாப்பாடு குடுக்கிறம், எல்லாரும் அங்க வாங்கோ எண்டுதானே சொன்னனான்."

"தெருவில படுக்கிறவையோட இருந்து சாப்பிட ஏலாதெண்டு அவன் சொல்லிப்போட்டான்."

"அவன் பிறந்த வருசம் நாங்களும் அப்பிடியொரு மண்டபத்திலதான் சாப்பிட்டனாங்கள். நேற்று போனில அதை அவனுக்குச் சொல்லிப்போட்டன்."

கணவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் சொல்லாததை ஏன் சொன்னனீர்? வெட்கமில்லையே?"

"பசிச்சது. தந்தவை. சாப்பிட்டம். இதில என்ன வெட்கம்?"

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. கணவர் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"போனை வைக்கேக்க, மண்டபம் எங்க இருக்கெண்டு மட்டும் கேட்டவன்."