கைப் பிரேக் போட்ட வண்டி

கடலூரில் பேருந்தின் பெயர்ப்பலகையை, புதிதாகப் படிக்கக் கற்ற நானே எழுத்துக் கூட்டிப் படித்து, சிதம்பரம் வண்டியில் ஏறினேன். முன் சீட்டில் மீன் வியாபாரிகள் இரண்டு பேர், மாமனும் மச்சானும். புது லோடு வண்டி எடுக்கச் சிதம்பரம் ஷோரூமுக்குப் போகிறார்கள். மாமன் மடியில் ஒரு பையில், வண்டிக்குப் போட மாலையும் எலுமிச்சம்பழமும் இருந்தன.

"விளம்பரத்துல பாத்தல்ல மச்சான்? நம்ம வண்டி மேட்டுல சல்லுனு ஏறுது. அடுத்த கம்பெனி வண்டி பாதியிலயே நின்னுடுச்சி."

"அந்த நின்ன வண்டில உக்காந்திருந்தது நான்தான் மாமா."

"என்னடா சொல்ற?"

"படம் புடிக்க டிரைவர் கேட்டாங்க, போனேன். கைப் பிரேக்கப் போட்டுட்டு ஆக்சிலேட்டர மிதின்னாங்க. மிதிச்சேன்."

"அடப்பாவி! பழைய வண்டிய வித்துட்டு வர்றேன். இத இப்பவா சொல்லுவ?"

"டிவில என் மூஞ்சியே தெரியல மாமா. அந்தக் கடுப்புல யார்கிட்டயும் சொல்லல."

மாமன் எழுந்தார், உட்கார்ந்தார், மாலைப் பையைக் கை மாற்றிக்கொண்டே இருந்தார்.

"ஐஸும் மீனும் ஏத்துனா நம்ம மீன்துறை மேட்டுல இந்த வண்டி ஏறுமா, ஏறாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓட்டுனது தோத்த வண்டி."

சிதம்பரம் வந்துவிட்டது.

"எறங்கு. மாலைய அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல லோடு ஏத்தி, இங்க இருக்கற பாலத்து ஏத்தத்துல நீ ஓட்டிக் காட்டு. கைப் பிரேக்குகிட்ட நான் உக்காந்துக்கறேன்."