முடிவைச் சொல்லாதீர்கள்

எனக்குக் கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது, ஐயா. குடிக்க மாட்டேன். சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. வேலைக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. வாரத்தில் ஒருநாள் கால்பந்து பார்ப்பேன், அதுவும் நேரலையாக இல்லை. ஆட்டம் நடக்கும் நேரத்தில் எனக்கு வேலை இருக்கும். மாலையில் போடுகிற தொகுப்பைத்தான் பார்ப்பேன். அதை முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் நான் இந்த உலகத்திடம் கேட்டது.

நானே எழுதித் தருகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் காகிதம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கு நன்றி. வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் ஆகிவிடும்.

பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம். என் கைபட்ட லிஃப்டில் இதுவரை யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுதினால் பொருத்தமாக இருக்காது.

முடிவு தெரியாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆட்டம் உள்ள நாளில் மதியத்திலிருந்தே கைப்பேசியை அணைத்துவிடுவேன். பெரிய தெரு வழியாகப் போக மாட்டேன், அங்கே தொலைக்காட்சி விற்கும் கடை இருக்கிறது. கட்டடத்துக் காவலாளி நல்ல மனிதர், ஆனால் எங்கள் அணி தோற்ற நாளில் அவர் வணக்கம் சொல்கிற குரலே இறங்கியிருக்கும். அதனால் அந்த நாட்களில் எனக்கு வணக்கமே வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். மடிக்கணினித் திரையின் அடிப்பக்கத்தில் ஒரு அட்டைத் துண்டை ஒட்டியிருப்பேன். பலருக்கு இது தோன்றாது. தொகுப்பு எத்தனை நிமிஷம் ஓடும் என்று அங்கே எழுதியிருக்கும். ஐம்பது என்றால் ஆட்டம் வழக்கமான நேரத்தில் முடிந்தது. எழுபது என்றால் கூடுதல் நேரம் வரை போயிருக்கிறது. அது தெரிந்தாலே பாதி ஆட்டம் செத்தது.

வீட்டிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை என் மனைவியோ மகளோ என்னிடம் எதையும் சொல்லக் கூடாது. எதையும் என்றால் எதையும்தான். ஒருதடவை சமையலறையில் குழாய் உடைந்து தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது. மகள் வாயைத் திறக்காமல் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நல்ல பிள்ளை.

எங்கள் வீட்டில் அந்த ஒழுங்குக்கு அடங்காத ஒருவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி. கல்யாணமான நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தான். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நெஞ்சுக்குள் எப்போதும் மெலிதாக ஒரு சத்தம் கேட்கும், அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் விசில். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. எதற்குமே கோபிக்காத ஆள் அவன். அப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவன் மூன்று தடவை முடிவைச் சொன்னான். முதல் தடவை என் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடிக்குள் ஒரு சீட்டை ஒட்டி அனுப்பினான். அன்று ஆட்டம் காலையிலேயே முடிந்திருந்தது. பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான். திறந்தேன், நான்குக்கு ஒன்று என்று இருந்தது. விளையாட்டுப் பையன் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் தடவை குரலை மாற்றிக்கொண்டு இயந்திர அறையின் தொலைபேசிக்குக் கூப்பிட்டான். "சார், ஏழாவது மாடில லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, சீக்கிரம் வாங்க." பதினான்கிலிருந்து ஏழு வரைக்கும் படியில் ஓடினேன். லிஃப்ட் கதவில் ஒரு காகிதம். இரண்டு, பூஜ்யம். எங்கள் தொழிலில் பொய்யாக அப்படி ஒரு அழைப்பு வருவது எப்படிப்பட்ட விஷயம் என்று அவனுக்கு உட்காரவைத்து விளக்கினேன். "சாரி மாமா, இனிமே செய்யமாட்டேன்" என்றான். சொல்லும்போதே உதட்டோரம் சிரிப்பு.

மூன்றாவது தடவை போன மாதம், அரையிறுதி அன்று. நான் கூடத்தில் தொகுப்பைப் போட உட்கார்கிறேன், அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தான். மூச்சு கீச்கீச்சென்று இழுத்தது. நான் பதறிவிட்டேன், ஐயா. நிஜமாகவே பதறினேன். மருந்துக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அவன் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, "பெனால்டில ஜெயிச்சிட்டோம் மாமா" என்றான்.

அன்று வீடே சிரித்தது. என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். எட்டு வயதில் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்த அதே மகள், இப்போது பதினாறு, சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். மருந்துக் குழாயைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

இனி இறுதி ஆட்டத்தன்று நடந்தது. விடுமுறை நாள். கட்டடத்தில் காவலாளியும் நானும் மட்டும்தான். இரண்டு லிஃப்டில் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன், ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் மதியம் முடிந்திருக்கும். ஐந்து மணிக்குத் தொகுப்பைப் போட்டுவிடுவார்கள். வீட்டில் பார்த்தால் சரிப்படாது என்று மடிக்கணினியை இயந்திர அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். பதினான்காவது மாடிக்கும் மேலே, மோட்டார் இருக்கும் அறை. அங்கே யாரும் வர மாட்டார்கள்.

ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டார். "உங்க மச்சான் வந்திருக்காருங்க. மேல அனுப்பவா?"

அனுப்பச் சொன்னேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அவன் படியேறி வந்திருப்பான், இல்லை கீழே நின்று கத்தியிருப்பான். அதனால் அனுப்பச் சொன்னேன். அது அந்த நேரத்துக்குச் சரியான முடிவு.

என் கண்முன்னே மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. லிஃப்டைத் தூக்கும் கம்பிவடத்தில் ஒவ்வொரு மாடிக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு அடையாளம் போட்டிருப்போம். லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று மேலேயிருந்தே தெரிந்துகொள்ள அது உதவும். ஒன்பதாவது அடையாளம் தாண்டியது, பத்தாவது இன்னும் வரவில்லை. சுவரில் லிஃப்டை நிறுத்தும் கைப்பிடி இருக்கிறது, அதைக் கீழே இறக்கினேன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் சுவர்தான் இருக்கும்.

தொகுப்பு முடிந்ததும் கைப்பிடியைத் தூக்கிவிடுவது என்பதுதான் திட்டம். ஐம்பது நிமிஷம். லிஃப்டில் ஐம்பது நிமிஷம் மாட்டிக்கொண்டவர்களை நான் நூறு பேராவது பார்த்திருக்கிறேன். வெளியே வந்து என்னைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பத்தாவது நிமிஷத்தில் லிஃப்ட்டுக்குள் இருக்கும் அழைப்பான் அடித்தது. அது பேட்டரியில் ஓடுவது, உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எடுத்தேன்.

"மாமா, லிஃப்ட் நின்னுடுச்சு. நீங்க மேலதானே இருக்கீங்க? மாமா, சத்தியமா நானும் இன்னும் பாக்கல. அக்காதான் சொன்னா, இன்னிக்காவது ஒழுங்கா போய் அவரோட உக்காந்து பாருடான்னு. ஆரம்பிச்சிட்டீங்களா?"

புலி வருது, புலி வருது என்று எத்தனை தடவைதான் நம்புவது? எடுத்ததை வைத்துவிட்டேன். அந்தச் சமயம் எங்கள் அணி ஒரு கோல் போட்டிருந்தது, நான் அதைப் பாதியில் தவறவிட்டேன். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன்.

முப்பதாவது நிமிஷத்தில் மறுபடி அடித்தது. "மாமா, மருந்து கீழ வண்டிப் பெட்டிக்குள்ள இருக்கு. சீக்கிரம் பாருங்க மாமா." அவ்வளவுதான் சொன்னான். வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நின்றான்.

மூன்றாவது அழைப்பில் பேச்சு இல்லை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அட்டை ஒட்டியிருந்ததால் எனக்கு அது முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேனோ என்னவோ. கூடுதல் நேரமும் சமன். பெனால்டி. இரண்டு அணியும் மூன்று மூன்று உதைத்து முடித்திருந்தபோது இயந்திர அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. என் மனைவி. இரண்டு பேருடைய கைப்பேசியும் அணைந்திருக்கிறதே என்று பயந்து வந்தாளாம். லிஃப்ட் வராததால் பதினான்கு மாடியும் படியேறி வந்திருக்கிறாள். நின்று மூச்சு வாங்கினாள்.

"முடிவைச் சொல்லாத" என்றேன்.

"எந்த முடிவு? தம்பி எங்கங்க?"

"கொஞ்சம் இரு. இன்னும் நாலு ஷாட்தான்."

"அவன் மதியத்துலேருந்து எதையும் பாக்காம உங்களுக்காக உக்காந்திருந்தான். இங்க வரலியா?"

நான் திரையை நிறுத்திவைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கைப்பிடியைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, எது கீழே இருந்தால் எது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் அதைத் தூக்கினாள்.

லிஃப்ட் பதினான்காவது மாடிக்கு வந்து கதவு திறந்தது, உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்திருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு இருந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் ஆள் அது எதற்கு என்று கேட்டார். அது என் வழக்கம், ஐயா. பேருந்தில் யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் காதில் விழக் கூடாது என்று வைத்துக்கொள்வேன். என்னைப் பார்த்துதான் கற்றுக்கொண்டிருக்கிறான். ஏனோதானோ என்று வைக்காமல் சரியாகவே அடைத்திருந்தான். பேச மட்டும் ஒரு பக்கம் லேசாகத் தளர்த்தியிருந்தான்.

நீங்கள் இன்னும் ஒன்று கேட்டீர்கள். லிஃப்டை நிறுத்தும் கைப்பிடி ஒன்று, உள்ளே இருக்கும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் உள்ள சுவிட்ச் வேறு. முதலாவதை இறக்கினால் போதுமே, இரண்டாவதை ஏன் அணைத்தாய் என்று. நேற்று நான் பழக்கதோஷம் என்று சொன்னேன். அது சரியில்லை. பழக்கம் என்றால் அணைக்காமல் விடுவதுதான். ஆள் உள்ளே இருக்கும்போது விசிறியை நிறுத்தக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது நான்தான். அதை இரண்டாவது அழைப்புக்குப் பிறகு அணைத்தேன்.

மூன்றாவது அழைப்பைப் பற்றியும் முழுதாக எழுதவில்லை. அப்போது தொகுப்பை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன். நான்கு நிமிஷம் இருக்கும். நடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன் என்று உங்களிடமும் சொன்னேன், என் மனைவியிடமும் சொன்னேன். ஆனால் போன மாதம் அவன் நடித்தபோது மூச்சை உள்ளே இழுக்கையில்தான் சத்தம் வந்தது. நிஜமாக வரும்போது வெளியே விடுகையில்தான் வரும். பதினெட்டு வருஷம் பக்கத்து அறையில் படுத்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? வெளியே விடுகையில்தான் வந்தது. அது நிற்கும்வரை கேட்டேன். பிறகு அழைப்பானை வைத்துவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். மனம் அப்படி அமைதியாக இருந்து ரொம்ப நாளாயிற்று. இனி யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

இது என் சுயநினைவோடு எழுதியது. யாரும் வற்புறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி நான்கு உதைகளை நான் இன்னும் பார்க்கவில்லை. மடிக்கணினி உங்களிடம்தான் இருக்கிறது, அதே இடத்தில் நிற்கிறது. நான் எழுதுவதைப் படிக்கப் படிக்க உங்கள் முகம் மாறிக்கொண்டே வருகிறது, ஐயா. தோற்றுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள்.