திருத்தச் சீட்டு ஒட்டாத புத்தகம்

உங்கள் அலமாரியில் இருப்பது போன பதிப்பு, ஐயா. புதியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கெட்டி, எழுத்தும் கொஞ்சம் பெரிசு. நான் தொகுத்தது என்பதால் சொல்லவில்லை. வக்கீலோ, சட்டக் கல்லூரி மாணவரோ, கடை வைத்திருப்பவரோ, அவசரத்துக்குப் புரட்டினால் விடை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கொள்கை. வாடகை, ஒப்பந்தம், கிடங்கு, காசோலை என்று எதற்கும் ஒரு தீர்ப்புச் சுருக்கம் அதில் இருக்கும்.

நீங்கள் என் மச்சினனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். எதிர்க்கடைக்காரனிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் பதிப்பகத்துக்கு நேர் எதிரே அவனும் சட்டப் புத்தகம் போடுகிறான். போடுகிறான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் கண் பூத்துப்போக உட்கார்ந்து எழுதுவதை வரிக்கு வரி சுட்டு, நீல அட்டை மாட்டி, பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறான். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. நடக்காத வழக்கு ஒன்றைக் கற்பனையாக எழுதி உள்ளே செருகிவிடுவது. திருடுகிறவன் அதையும் சேர்த்துத் திருடிக் கையும் களவுமாக மாட்டுவான். நானும் ஒன்று எழுதினேன். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு கிடங்கில் மருந்துப் புகை போட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை எதையோ எடுக்க உள்ளே போகிறார். முதலாளி வழக்கம்போல வெளியே பூட்டிவிடுகிறார். கணக்குப்பிள்ளை இறந்துபோகிறார். பலகை மாட்டிய பிறகு உள்ளே போனது போனவர் பாடு, முதலாளி காதில் சத்தம் எதுவும் விழவுமில்லை, அதனால் அவர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது.

அவன் அப்படியே சுட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வக்கீலிடம் ஓடினேன். தாராளமாக வழக்குப் போடலாம், ஆனால் இது நான் விட்ட புளுகு என்று நானே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்றார் அவர். புளுகா? என் புத்தகத்திலா? இத்தனை பதிப்பில் ஒரு தடவைகூடத் திருத்தச் சீட்டு ஒட்டாத புத்தகம், ஐயா. வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. யாரோ ஒரு வக்கீல் அந்த வழக்கை மேற்கோள் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் நீல அட்டையைப் புரட்டினார், அதிலும் இருந்தது. நீதிபதி அதை நன்கு நிலைபெற்ற சட்டம் என்று எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பை அடுத்த பதிப்பில் சேர்த்தேன். அது அசல் தீர்ப்பு, சேர்க்காமல் இருக்க முடியாது. சட்டக் கல்லூரியில் கேள்வியாகவும் வந்தது. கணக்குப்பிள்ளைக்காகப் பரிந்து பேசிய மாணவர்களெல்லாம் ஃபெயில்.

என் மச்சினன் எங்களிடம்தான் மெய்ப்புத் திருத்தினான். என் மனைவி தூக்கி வளர்த்த தம்பி. தங்கமான மனுஷன், கமாவைக்கூடப் பாவம் பார்த்துத்தான் நீக்குவான். அவனிடம் ஒரு வக்கீல் வந்து அந்த வழக்கின் முழுத் தீர்ப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கிடங்கில் புகையில் மாட்டி இறந்துபோன சுமைதூக்கி ஒருவருடைய மனைவிக்காக அவர் மேல்முறையீடு செய்திருந்தார். அந்தம்மாவுக்கு நஷ்டஈடு கிடையாது என்று கீழ்க்கோர்ட் சொன்னது என் புத்தகத்தை வைத்துத்தான். மச்சினன் கோர்ட் ஆவண அறையைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, வாடிய முகத்தோடு என்னிடம் வந்தான். வீட்டு மனுஷன் ஆயிற்றே என்று உள்ளதைச் சொன்னேன்.

"மாமா, அந்தம்மா நம்மளாலதான் தோத்திருக்காங்க," என்றான். "அப்படி ஒரு வழக்கே இல்லைன்னு சின்னதா ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடலாம். உங்களுக்குச் சங்கடமா இருந்தா, திங்கக்கிழமை நானே கோர்ட்ல போய்ச் சொல்லிடறேன்."

எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பிடித்த பிடியை விடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவியும் அவனோடு சேர்ந்துகொண்டாள். தப்பென்றால் திருத்திவிட்டுப் போக வேண்டியதுதானே என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என் புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டியதில்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

மெய்ப்புத் திருத்துவதில் ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு ஒத்துப்போகாவிட்டால், ஒன்றை மற்றதற்கு ஏற்பத் திருத்த வேண்டும். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்படி ஒரு வழக்கு இல்லை என்பதுதானே அவன் கண்ட குறை? இருந்துவிட்டால் குறை தீர்ந்தது. அச்சான புத்தகத்தில் கை வைப்பதைவிட இது சுலபமாகத் தெரிந்தது.

எங்கள் புத்தகக் கிடங்குக்குப் புகை போடும் முறை எப்படியும் வந்திருந்தது. பலகை மாட்டச் சொன்னேன். புத்தகத்தில் இருப்பவர் கணக்குப்பிள்ளை. இவன் மெய்ப்புத் திருத்துபவன். அதனால் முந்தின நாளே இவனைக் கணக்குப்பிள்ளையாக நியமித்தேன். அவனுக்கு நம்பவே முடியவில்லை, ஐயா. மாமாவுக்கு என்மேல் கோபம் போய்விட்டது என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில், எல்லாரும் வெளியே போன பிறகு, சீட்டு ஒட்டிப் பார்ப்போம், உள்ளே போய் ஒரு பிரதி எடுத்து வா என்றேன். கதவருகே தயங்கினான்.

"பலகை மாட்டியிருக்கே மாமா?"

"அது நேத்தையது. எடுக்க மறந்துட்டாங்க."

இந்தப் பேச்சு புத்தகத்தில் இல்லைதான். சுருக்கத்தில் இவ்வளவு விவரம் கொடுத்தால் பக்கம் கூடிவிடும்.

ஆக, வழக்கு இப்போது இருக்கிறது. நீங்களே பதிவு செய்திருக்கிறீர்கள். இனி யாரும் என் புத்தகத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை அந்தம்மாவின் வக்கீல் வெறுங்கையோடு திரும்புவார்; அதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். உள்ளேயிருந்து சத்தம் கேட்கவில்லையா என்பீர்கள். முதலாளி காதில் எதுவும் விழவில்லை என்பதில்தான் தீர்ப்பே நிற்கிறது. அதனால் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதலில் மாமா, மாமா என்று சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு இருமினான். சீட்டு ஒட்ட வேண்டாம் மாமா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். கடைசியில் அக்கா என்று கூப்பிட்டான், சின்னக் குரலில். கதவில் காதை வைத்துக்கொண்டுதான் நின்றேன், ஐயா. எதுவும் கேட்கவில்லை.