கதவைத் திறக்கும் கை

— ஏங்க, ரெண்டு டயர்லயும் காத்து இல்ல. நேத்து சாயங்காலம்தான் அடிச்சு வச்சேன்.

— சைக்கிள்னா காத்து இறங்கத்தான் செய்யும்.

— ஒண்ணு இறங்கினா நம்பலாம். ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி இறங்குமா? டியூப் மூடி ரெண்டும் உங்க சட்டைப் பையில கிடக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.

— இங்க பாரு, தோள் எலும்பு கூடி நாலு மாசம்கூட ஆகல. பஸ்ல போ. இல்ல, நான் என் டாக்ஸியில கொண்டு போய் விடறேன்.

— தினமும் சவாரிய விட்டுட்டு என்னைத் தையல் கூடத்துல இறக்கி விடப் போறீங்களா? பஸ் ஊரைச் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள என் மெஷின்ல வேற ஆளை உக்கார வச்சிடுவாங்க. அது போகட்டும். இன்னைக்கு ஏறலேன்னா நான் இனிமே ஏறவே மாட்டேன். எனக்கே அது தெரியும். பம்ப்பைக் குடுங்க.

— தர மாட்டேன்.

— அப்பா, நீங்க தர வேண்டாம், நானே எடுத்துட்டேன். அம்மா, நீ அந்தக் கையால அடிக்காதே. தள்ளு.

— நீயும் உங்கம்மாவுக்குத் தாளம் போடு கண்ணு. ரொம்ப நல்லா இருக்கு.

— சும்மா ஒண்ணும் அனுப்பலப்பா. எல்லாம் பாத்துட்டுத்தான். அம்மா, பிரேக்?

— கட்டை ரெண்டும் புதுசு. பிடிச்ச இடத்துல நிக்குது.

— பெல்?

— தெருவே திரும்பிப் பாக்குது.

— ஹெல்மெட் வார்?

— ரெண்டு விரல்தான் உள்ள போகுது. வேணா விட்டுப் பாரு.

— ஓரமா நிக்கற கார்களைத் தாண்டறப்ப?

— ஒரு கதவு அகலம் தள்ளிப் போவேன். பின்னாடி எவன் ஹார்ன் அடிச்சாலும் அசைய மாட்டேன். அன்னைக்கு ஒட்டிப் போனதுதான் நான் பண்ணின தப்பு.

— உன் தப்பு என்னம்மா? கதவைத் திறந்து உன்னைக் கீழ தள்ளிட்டு ஓடிப் போனானே, அந்தக் கார்க்காரன் தப்பு. அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். நல்ல வேளை, அப்பா அந்தப் பக்கமா வந்தாங்க. இல்லேன்னா உன்னை யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பா?

— விடு கண்ணு.

— எப்பப் பாத்தாலும் விடு, விடு. உங்களுக்குக் கோபமே வரலையாப்பா?

— அது போகட்டும்டி. நீ பின்டயரைப் பாரு. ஏங்க, நீங்க போய் டாக்ஸியில உக்காருங்க.

— நானா? எதுக்கு?

— உக்காருங்கன்னா உக்காருங்க. கதவைச் சாத்துங்க. இப்ப இறங்கணும். எந்தக் கையால திறப்பீங்க?

— இதென்ன கேள்வி? கதவை ஒட்டி இருக்கற வலது கையாலதான்.

— அங்கதான் கோளாறு. அப்படித் திறந்தா கண்ணு முன்னாடியே பாத்துட்டு இருக்கும். இடது கைய எட்டிப் போட்டுத் திறங்க. ம், உடம்பு தன்னால திரும்புதா? பின்னாடி என்ன தெரியுது?

— நீ தெரியற. உன் சைக்கிள் தெரியுது.

— அவ்வளவுதான். இன்னொரு தடவை.

— இருபது வருஷமா வண்டி ஓட்டறவன்டி நான்.

— இருபது வருஷப் பழக்கம் ஒரு தடவையில போகுமா? நீங்க தினமும் இப்படியே இறங்குங்க. நான் தினமும் சைக்கிள்லயே போறேன். எனக்குப் பயமா இருக்குங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா போவேன். ம், இன்னொரு தடவை.

— சரி. இடது கை. திரும்பணும். பாக்கணும். அப்புறம் திறக்கணும்.

— இன்னும் ஒரு தடவை.

— என்னம்மா கூத்து இது? காலங்காத்தால அப்பாவை எதுக்கு இந்தப் பாடு படுத்தற? உன்னைத் தள்ளி விட்டவன்தானே இதைப் பழகணும்?

— எல்லாரும் பழகணும்டி. வாயை மூடிட்டு நீ காத்தை அடி.

— போதும்டி, நீ எனக்காக மறைச்சது. அன்னைக்கு மழை வருதே, உங்கம்மாவை ஏத்திக்கலாம்னு முன்னாடி போய் வண்டிய நிறுத்திட்டு, பின்னாடி பாக்காமக் கதவைத் திறந்தானே, அவன்தான் கண்ணு இப்பப் பழகிட்டு இருக்கான்.